உத்திரத்துக்கு வருகிறவர்களுக்கு: இந்த வாரம் மழை உண்டா, இல்லையா?

ஊர் மக்கள் எல்லாருக்கும் வணக்கம்.

தோஹா தம்பி, சிங்கப்பூரில் இருக்கிற இரண்டு மருமகன்கள், மெல்போர்ன் மதினி என்று நான்கு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்: பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் மழை வருமா? கேள்விக்குள் இருக்கிற குத்தல் எனக்குப் புரியாமல் இல்லை. போன வருஷம் "போனில் சூரியன் படம்தான் போட்டிருக்கிறது, தைரியமாக வாருங்கள்" என்று இங்கே எழுதியவன் நான்தான். சாயங்காலம் நாலேகாலுக்குப் பந்தல் நடுவில் தொப்பை போட்டுத் தண்ணீரைத் தாங்கி நின்று, அப்புறம் மொத்தமாகச் சரிந்ததை யாரும் மறக்கவில்லை. பொங்கல் பானைக்குக் குடை பிடித்தபடி, புகையில் சிவந்த கண்ணோடு பெரியத்தை என்னைப் பார்த்த பார்வையை நானும் மறக்கவில்லை.

அவசரக்காரர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்றிலிருந்து மூன்று நாள் வெயில்தான். பாளையங்கோட்டையில் 37, 38 டிகிரி இருக்கும். நமக்கு மலையடிவாரம் என்பதால் ஒரு டிகிரி குறையலாம், ராத்திரிப் புழுக்கத்தில் அந்தச் சலுகையும் கிடையாது. நாலாம் நாளிலிருந்து கிழக்குக் காற்று ஈரத்தைக் கொண்டுவருகிறது. மதியத்துக்கு மேல் மலையில் இடி கேட்கும். உத்திரத்தன்றும் மறுநாளும் அந்த மழை அடிவாரத்துக்கு இறங்கி வர நல்ல வாய்ப்பு இருக்கிறது. காலையில் பயம் இல்லை. முதல் மூன்று நாளுக்குச் சொன்னதை நம்பலாம். உத்திரத்துக்குச் சொன்னது இன்னும் மாறலாம், அதனால் இரண்டு நாள் முன்னால் மறுபடி ஒரு மடல் போடுகிறேன்.

சரி, போன வருஷம் சூரியன் படம் ஏன் கவிழ்த்தது என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். போனில் வருகிற படங்கள் பெரும்பாலும் உலகம் முழுவதற்கும் வானிலைக் கணக்குப் போடுகிற கணினி மாடல்களிலிருந்து வருகின்றன. அவை பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்கின்றன. ஐரோப்பிய மாடலுக்கு ஒரு கட்டம் ஏறக்குறைய 9 கிலோமீட்டர், அமெரிக்க மாடலுக்கு 13. நம் ஊரில் பஸ் ஸ்டாண்டில் நின்று மேற்கே பார்த்தால் வயல், கொஞ்ச தூரத்தில் கரடு, அதற்குப் பின்னால் சுவர் மாதிரி மலை. அகத்தியமலை உச்சி 1,868 மீட்டர். இத்தனையும் இரண்டு மூன்று கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. மாடலின் கண்ணுக்கு அது மலையாகவே தெரியாது, மழுங்கிய மேடாகத்தான் தெரியும். கோடை இடிமேகமோ அகலத்தில் சில கிலோமீட்டர்தான். கட்டத்தைவிடச் சின்ன மேகத்தைக் கட்டத்துக்குள் எப்படித் தேடுவது? முப்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் இதை முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும்.

கோடை மழை நம் பக்கம் உருவாகிற விதமே வேறு. மலையின் நம் பக்கச் சரிவு கிழக்கு பார்த்தது. காலை வெயில் முதலில் அதில்தான் விழுகிறது. பாறை சூடேற, காற்று சரிவைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். மதியத்துக்கு மேல் தூத்துக்குடிப் பக்கமிருந்து கடல்காற்று உள்ளே நுழைகிறது, அந்தப் பக்கம் கேரளக் கரையிலிருந்தும் ஒரு கடல்காற்று ஏறி வருகிறது. இரண்டும் மலை முகட்டில் முட்டினால் மேலே போவதைத் தவிர வழி இல்லை. ஈரம் போதுமான அளவு இருந்தால் ஒரு மணி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்கு மேகம் கட்டிவிடும். ஈரம் இல்லாத நாளில் அதே மேகம் பஞ்சுப் பொதி மாதிரி வந்து, எட்டிப் பார்த்துவிட்டுக் கலைந்துவிடும். வானிலை மையத்தின் அறிக்கையில் "கிழக்கு திசைக் காற்றும் மேற்கு திசைக் காற்றும் சந்திக்கும் பகுதி" என்று ஒரு வரி வந்தால் நான் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பது அதனால்தான்.

அந்த அறிக்கையையும் நாம் சரியாகப் படிப்பதில்லை. "ஓரிரு இடங்களில்" என்றால் பேருக்குச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறோம். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தப் பகுதியில் மழை அளக்கிற நிலையங்களில் கால்வாசி வரை மழை பதிவாகலாம் என்று பொருள். "ஒருசில இடங்களில்" என்றால் கால்வாசிக்கு மேல், பாதி வரை. ஆக ஓரிரு இடங்களில் மழை என்று சொன்ன நாளில் அம்பாசமுத்திரத்தில் தெரு காய்ந்து கிடக்க, நம் கோயில் ஓடையில் தண்ணீர் புரண்டால் அறிக்கை பொய்த்ததாக ஆகாது. "மிதமான மழை" என்கிற வார்த்தை இதைவிட மோசம். கேட்டால் பன்னீர் தெளிப்பது போல இருக்கும். ஆனால் 24 மணி நேரத்தில் 15.6 மில்லிமீட்டரிலிருந்து 64.4 வரை எல்லாமே மிதமான மழைதான். 64.5-ஐத் தொட்ட பிறகுதான் கனமழை. போன உத்திரத்தன்று என் வீட்டு மழைமானியில் 31 மில்லிமீட்டர் இருந்தது, அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். நம் பந்தல் 20 அடிக்கு 30 அடி. பெருக்கிப் பாருங்கள், ஆயிரத்து எழுநூறு லிட்டருக்கு மேல் வருகிறது. தார்ப்பாயைத் தட்டையாக இழுத்துக் கட்டினால் அது சரியாமல் என்ன செய்யும்? இந்த முறை ஒரு பக்கம் ஒன்றரை அடி தாழ்த்திக் கட்டச் சொல்லியிருக்கிறேன். மேளக்காரர்களைத் தாழ்ந்த பக்கம் உட்கார வைக்க வேண்டாம்.

மழையைவிட எனக்கு மின்னலைப் பற்றித்தான் கவலை. கோயிலைச் சுற்றி நிற்பவை பழைய மருத மரங்கள். மழை வந்தால் எல்லாரும் ஓடுவது அதன் அடிக்குத்தான், ஓடக்கூடாத இடமும் அதுதான். புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் 'தாமினி' என்று ஒரு செயலி இருக்கிறது. நாம் நிற்கிற இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் அடித்தால் சொல்லும். ஊரில் இறங்கியதும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கோயிலில் சிக்னல் ஒரு கோடு, சில சமயம் அதுவும் இல்லை. அங்கே எண்ணுவதுதான் வழி. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள், மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, வேனுக்குள்ளோ கோயில் மண்டபத்துக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகாமல் வெளியே வர வேண்டாம். சாமி ஆடுகிற அண்ணாச்சிக்கு இதை யார் சொல்வது என்பதைக் கூட்டத்தில் தனியாகப் பேசிக்கொள்வோம்.

பிள்ளைகளோடு வருகிறவர்கள் ஓடை விஷயத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். இப்போது ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர், பளிங்கு மாதிரி இருக்கிறது. பார்த்தால் நமக்கே இறங்கத் தோன்றும். 2024 மே 17-ஆம் தேதி பழைய குற்றாலத்தில் நடந்தது நினைவிருக்கும். மலையில் பெய்த மழை அருவியில் திடீரென்று வெள்ளமாக இறங்கி, பதினேழு வயதுப் பையனைக் கொண்டுபோய்விட்டது. கீழே குளிக்கிறவருக்கு மேலே பெய்வது தெரியாது, அங்கே நடந்தது இங்கேயும் நடக்கும். தெளிந்த தண்ணீர் லேசாகக் கலங்கினாலோ, காய்ந்த இலையும் சுள்ளியுமாக மிதந்து வந்தாலோ அந்த நொடியே கரையேற வேண்டும். உத்திரத்தன்று மதியம் ஒரு மணிக்கு மேல் யாரும் ஓடையில் இறங்கக்கூடாது என்று நானே கரையில் நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன். திட்டுகிறவர்கள் திட்டட்டும்.

ஊரில் இந்த மழையை எல்லாரும் ஒரே மாதிரி பார்க்கவில்லை. பிசான நெல்லை அறுத்து முடித்தவர்கள் எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள். ஒரு நல்ல மழை விழுந்தால் கோடை உழவு ஓட்டிவிடலாம், சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் அல்லவா? பிந்தி நட்டவர்களின் வைக்கோல் இன்னும் வயலில் கிடக்கிறது, அவர்களுக்கு இன்னும் நாலு நாள் வெயில் வேண்டும். வாழை போட்டவர்கள்தான் பாவம். தார் தள்ளிய மரத்துக்கு மழை ஒன்றும் செய்யாது, மழைக்கு முன்னால் மேகத்திலிருந்து கீழே விழுந்து பரவுகிற காற்றுதான் எமன். இரண்டு நிமிஷம் போதும், பத்து மாத உழைப்பு தரையில் படுத்துவிடும். நேற்று எங்கள் தெருக்கோடித் தோட்டத்தில் முட்டுக்கம்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பு ஒன்றுக்கு என்ன விலை என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மலையைப் பார்த்தார் தோட்டக்காரர்.

நீங்களும் பார்க்க வேண்டியது மலையைத்தான். பதினோரு மணிக்கு முகட்டில் வெள்ளை மேகம் குவிந்தால் அது வழக்கம். ஒரு மணி வாக்கில் அதன் தலை கொல்லன் பட்டறை அடைகல் மாதிரி தட்டையாக விரிந்து, அடிப்பக்கம் கருங்கல் நிறத்துக்கு வந்தால் பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்துவிடலாம். புழுக்கத்தின் நடுவே மேற்கிலிருந்து ஜில்லென்று ஒரு காற்று முகத்தில் அடித்தால் கழுவவும் நேரம் இல்லை, அப்படியே ஏற்றிவிட வேண்டியதுதான்.

ஆகவே நேரத்தை மாற்றியிருக்கிறோம். வேன்கள் காலை ஐந்தரைக்கு ஊரிலிருந்து கிளம்பும். ஏழு மணிக்குள் அடுப்பு மூட்டிவிடுவோம், பூஜை பதினொன்றுக்கு, சாப்பாடு பன்னிரண்டரைக்கு. மூன்று மணிக்கு எல்லாரும் வேனில் இருக்க வேண்டும். ராத்திரி தங்குகிற பழக்கம் உள்ள மூன்று குடும்பங்களும் இந்த ஒரு தடவை ஊருக்கு வந்து தங்கிவிடுங்கள், எங்கள் மாடி காலியாகத்தான் இருக்கிறது. பெரியத்தை மொட்டைமாடி முழுக்கக் கூழ்வத்தல் போட்டிருக்கிறாள், மிதிக்காமல் நடக்க வேண்டும்.

டாலஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் ஊர் ஆலங்கட்டியின் படத்தை அனுப்பி எங்கள் மழையைக் கேலி செய்தது போதும். வருகிறவர்கள் ஆளுக்கொரு குடையும், சுமக்க முடிந்தால் நல்ல கெட்டியான நைலான் கயிறும் கொண்டுவாருங்கள். பதனீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. காலையில் பனையடிக்கே போய்க் குடிக்கலாம், யார் யாருக்கு எத்தனை லிட்டர் என்று பதில் போட்டால் சொல்லி வைக்கிறேன்.