ஃபெல்டன் புல்வெளியில் சரளை எடுப்பது: எங்கே தோண்டலாம், எங்கே கூடாது?

மேட்டுப்புல் எழுதியது:
அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், கிளே கவுன்டியில் ஃபெல்டன் என்ற சிற்றூருக்கு அருகே உள்ள பிரெய்ரி புல்வெளியைப் பற்றி இங்கே பேச விரும்புகிறேன். பனியுகத்தின் முடிவில் அங்கே பரந்து கிடந்த அகாசிஸ் ஏரியின் அலைகள் ஒதுக்கிய மணலும் சரளையும் வடக்குத் தெற்காக நீண்ட மேடுகளாக நிற்கின்றன. கல் மிகுந்த அந்த மேடுகளில் ஏர் ஓட்டுவது கடினம் என்பதால்தான், சுற்றியிருந்த சமவெளி முழுவதும் வயலான பிறகும் அங்கே புல் பிழைத்தது. மாநிலத்தில் ஒரு காலத்தில் சுமார் 1 கோடியே 80 லட்சம் ஏக்கர் இருந்த பிரெய்ரியில் இன்று 2 சதவீதம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியதன் அடியில் இருக்கும் சரளைக்காக அதையும் தோண்டுகிறார்கள். சரளையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏர் படாத நிலத்தில் புதிய குழி திறக்கக் கூடாது என்பது மட்டுமே என் கோரிக்கை.

சாலைக்காரன் எழுதியது:
ஐயா, கிராமச் சாலைகள் அமைக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் மறுக்கிறேன். அந்தப் பகுதியின் உட்சாலைகளில் பெரும்பாலானவை சரளைச் சாலைகள். பள்ளிப் பேருந்தும் ஆம்புலன்ஸும் தானிய லாரியும் அவற்றில்தான் போக வேண்டும். சரளையின் விலையைவிட அதை ஏற்றி வரும் செலவுதான் பெரிது. அருகிலுள்ள மேட்டை மூடிவிட்டுத் தொலைவிலிருந்து கொண்டுவந்தால் டீசல் புகையும் கூடும், வரிச்சுமையும் கூடும். தோண்டி முடித்த குழியைச் சரித்துச் சமன்செய்து, மேல்மண்ணைத் திரும்பப் பரப்பி, புல் விதைக்கலாம். செங்குத்தான குழிச் சுவர்களில் மணல் தகைவிலான்கள் பொந்து குடைந்து கூடு வைப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

மேட்டுப்புல் எழுதியது:
தகைவிலான்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மேட்டை நம்பியிருக்கும் உயிர்கள் வேறு. சென்ற ஜூன் மாதம் ஒரு பழைய குழியின் விளிம்பில் நின்றேன். உள்ளே, ஐரோப்பாவிலிருந்து வந்த புரோம் புல்லும் ஸ்வீட் குளோவரும் இடுப்பளவு மண்டிக் கிடந்தன. நான்கு அடி தள்ளி, தோண்டப்படாத மண்ணில், கணுக்கால் உயரப் புல்லுக்கு நடுவே விதை முற்றிய பாஸ்க் பூச்செடிகள் வெள்ளை முடிக்கற்றைகளாக நின்றன. பிடரி செம்பழுப்பும் வயிறு கருப்புமான ஒரு லாங்ஸ்பர் குருவி பாடிக்கொண்டே மேலெழுந்து தரையிறங்கியது. மினசோட்டாவில் அந்த இனம் தவறாமல் கூடு கட்டும் இடமாக எஞ்சியிருப்பது ஃபெல்டன் பகுதிதான்.

விதை தூவினால் பச்சை வரும், நண்பரே, பிரெய்ரி வருமா? டகோட்டா ஸ்கிப்பர் என்னும் சிறு வண்ணத்துப்பூச்சி ஆண்டுக்கு ஒரே தலைமுறைதான் ஈனுகிறது. அதன் புழு குளிர்காலம் முழுவதையும் புல்லடியிலேயே கழிக்கிறது. வளர்ந்த பூச்சியோ வெகுதூரம் பறக்காது. 2014ஆம் ஆண்டு அழிவு அபாயப் பட்டியலில் சேர்க்கப்பட்ட அந்தப் பூச்சி ஓரிடத்தில் ஒருமுறை அழிந்தால், பிறகு நாம் எத்தனை நேர்த்தியாக விதைத்தாலும் அங்கே தானாக வந்து சேர வழியில்லை.

நீரூற்று எழுதியது:
இருவரும் தண்ணீரை விட்டுவிட்டீர்கள். மேட்டில் பெய்யும் மழை சரளை வழியே வடிந்து, சுண்ணாம்புச் சத்தோடு அடிவாரத்தில் குளிர்ந்த ஊற்றாகக் கசிந்து, ஃபென் எனப்படும் அரிய சதுப்பு நிலங்களை உருவாக்குகிறது. மாநிலச் சட்டம் அவற்றுக்குத் தனிப் பாதுகாப்பே அளிக்கிறது. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டினால், குழிக்கு வெளியே இருக்கும் சதுப்பும் வற்றக்கூடும்.

சாலைக்காரன் எழுதியது:
நீர்மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒரு நியாயத்தைக் கேளுங்கள். பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லாரும் உழுதபோது, தன் நிலத்தை உழாமல் மாடு மேய விட்டிருந்த முதியவருக்கு அந்தச் சரளைதான் கடைசிக்காலச் சேமிப்பு. உழுதவர் சரளையை விற்கலாம், புல்லைக் காத்தவர் விற்கக் கூடாது என்றால், காத்ததற்குத் தண்டனையா?

மேட்டுப்புல் எழுதியது:
இது நான் பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி. அவருக்கு ஈடு கொடுக்காமல் தடை மட்டும் போடுவது அநீதி. 1987 முதல் மினசோட்டாவில் பிரெய்ரி வங்கித் திட்டம் இருக்கிறது. நிலம் உரிமையாளரிடமே இருக்க, அதை உழும், தோண்டும் உரிமையை மட்டும் அரசு விலைகொடுத்து வாங்குகிறது. அந்த விலையில் அடியிலுள்ள சரளையின் மதிப்பும் சேர வேண்டும் என்பது என் கருத்து. அதே மேட்டுத்தொடரில் ஏற்கெனவே உழப்பட்ட நிலங்களிலும் பாதி தோண்டிய குழிகளிலும் சரளை இருக்கிறது. அவற்றை முதலில் எடுக்கலாம், உடைத்த பழைய கான்கிரீட்டையும் சாலைக்கு அடித்தளமாக இடலாம். இயங்கும் குழிகளில், ஏப்ரல், மே மாத விடியற்காலையில் கிரஷரை நிறுத்தி வையுங்கள். பிரெய்ரிக் கோழிச் சேவல்கள் கூடி ஆடும் நேரம் அது. வாய் குறுகிய பானையில் ஊதினாற்போன்ற அவற்றின் குரல் பெட்டைகளுக்குக் கேட்க வேண்டும்.

சாலைக்காரன் எழுதியது:
விடியற்காலை நிறுத்தம் எங்களுக்குப் பெரிய இழப்பில்லை. உழுத நிலங்களில் முதலில் துளையிட்டுச் சோதிக்கவும் சம்மதம். ஆனால் அங்கே கிடைப்பது சாலைக்கு ஏற்ற தரத்தில் இல்லையென்றால் என்ன செய்வது என்பதை நீங்கள் இன்னும் சொல்லவில்லை. அதுவரை முழுத் தடையை நான் ஏற்க மாட்டேன்.