ஸ்டவுட் மேலே மிதக்க மாட்டேன் என்கிறது, வழி சொல்லுங்கள்

ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர் கலந்து பானம் செய்து பழகியவர்கள் கொஞ்சம் உதவுங்கள். அக்காவின் திருமண நாளுக்கு பிளாக் வெல்வெட் செய்ய ஆசை. பாதி ஷாம்பெய்ன், பாதி ஸ்டவுட், அவ்வளவுதான். 1861இல் இளவரசர் ஆல்பர்ட் இறந்தபோது லண்டன் புரூக்ஸ் கிளப்பில் துக்கத்துக்காகப் பிறந்த பானம் என்பார்கள். இருந்தாலும் அக்காவுக்கு அதன் நிறம் அவ்வளவு பிடிக்கும்.

சிக்கல் இதுதான்: கறுப்பு மேலேயும் பொன்னிறம் கீழேயுமாகப் பிரிந்து நிற்கவில்லை. ஷாம்பெய்னை முதலில் ஊற்றி, நுரை அடங்கக் காத்திருந்து, ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகில் ஸ்டவுட்டை மெல்லிய நூலாக விட்டேன். ஒரு நொடி நின்றது. அப்புறம் கரும்புகை போலச் சுருண்டு கீழே இறங்கி, எல்லாம் ஒரே பழுப்பு.

நான் எடுத்தது 7.5% ஆல்கஹால் உள்ள, இனிப்பான பாட்டில் ஸ்டவுட். மிச்சமிருக்கும் சர்க்கரைதான் அதைக் கனமாக்குகிறது என்று நினைக்கிறேன். நைட்ரஜன் ஏற்றிய, 4.2% அளவிலான கேன் ஸ்டவுட்டுக்கு மாறினால் மிதக்குமா? ஷாம்பெய்னுக்குப் பதில் ஆப்பிள் சைடர் (ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது) ஊற்றுகிறவர்கள், இனிப்பானதா, இனிப்பில்லாததா, எதை எடுக்கிறீர்கள்? உயரமான ஒல்லிக் கண்ணாடிக் குவளை உதவுமா?

செய்து பார்த்தவர்கள் அளவோடு சொன்னால் ரொம்ப நன்றி. இன்னும் பத்து நாள் இருக்கிறது.