நனோகுழாய்க் கரைசலில் வெள்ளை ஊசிகள், நிறமாலையில் உச்சியே இல்லை: உதவி தேவை

ஹட்டன் மாணவி:
வணக்கம். இறுதியாண்டு ஆய்வுக்காக நுவரெலியாவில் ஓர் ஆய்வுகூடத்தில் ஒற்றைச்சுவர் காபன் நனோகுழாய்களை 1% எஸ்டிஎஸ் (சோடியம் டொடெசைல் சல்பேற் என்ற சவர்க்காரம்) கரைசலில் போட்டு சோனிக்கேற்றரில் (மீயொலியால் கலக்கும் கருவி) கலக்கினேன், மை மாதிரி கறுப்பாக நன்றாகத்தான் வந்தது, ஆனால் இராத்திரி மேசையிலேயே வைத்துவிட்டு காலையில் பார்த்தால் போத்தலின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஊசிகள், அதற்குள் கறுப்புத் துகள்கள் சிக்கிக் கிடக்கின்றன. மேலே உள்ள கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தேன். 400 முதல் 1100 நனோமீற்றர் வரை வெறும் சரிவுதான், வர வேண்டிய உச்சி ஒன்றுமே இல்லை. குழாய் கெட்டுவிட்டதா? வேறு வாங்க வசதியில்லை.

கண்டி இரசாயனம்:
தங்கச்சி, குழாயைச் சந்தேகப்படாதீங்க. அந்த ஊசிகள் எஸ்டிஎஸ்தான். ஏறத்தாழ 16 பாகைக்குக் கீழே போனால் அது படிகமாகத் தொடங்கிவிடும், தை மாசி மாதங்களில் உங்கள் ஊர் இராத்திரிக்குக் கேட்கவா வேண்டும். சவர்க்காரம் விலகியதும் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றையாகிவிடும், இலத்திரன் நிலைகள் கலந்து உச்சிகள் அகன்று சிவப்புப் பக்கம் நகரும். 25 பாகைக்குச் சூடாக்கினால் ஊசி கரையும், கற்றை தானாகப் பிரியாது, மறுபடி சோனிக்கேற் பண்ணுங்க. முடிந்தால் எஸ்டிஎஸுக்குப் பதிலாக சோடியம் கோலேற் (பித்த உப்பு வகை) பாவியுங்க, குளிரிலும் கரைந்தே இருக்கும்.

ஹட்டன் மாணவி:
நன்றி அண்ணா. சூடாக்கி மறுபடி கலக்கியதில் ஊசி போய்விட்டது, ஆனால் உச்சி இன்னும் மங்கல்தான்.

பதுளை பௌதிகம்:
மையநீக்கியில் சுற்றினீங்களா? 2002இல் ரைஸ் பல்கலைக்கழகக் குழு அதிவேக மையநீக்கியில் கற்றைகளை அடியில் இறக்கி, மேலே மிதந்த தனிக்குழாய்களில்தான் முதன்முதலாக ஒளிர்வைப் பார்த்தது. உங்களிடம் சாதாரண மையநீக்கி இருந்தாலும் அதன் உச்ச வேகத்தில் நீண்ட நேரம் சுற்றி, மேல் பாதியை மட்டும் எடுங்க.

இன்னொன்று, குறைகடத்திக் குழாய்களில் ஒளியை உறிஞ்சி இலத்திரன் மேல் நிலைக்குத் தாவும்போதுதான் உச்சி வரும்; மிகக் குறைந்த சக்தியுள்ள முதல் தாவல் பெரும்பாலும் 900 முதல் 1600 நனோமீற்றர் வரை, அதில் பாதிக்கு மேல் உங்கள் கருவிக்கு எட்டாது. இரண்டாம் தாவலை 550 முதல் 900க்குள் தேடுங்க. (6,5) வகை (குழாயின் விட்டத்தையும் சுருள் கோணத்தையும் குறிக்கும் எண்கள்) அதிகமுள்ள மாதிரி என்றால் 570 பக்கத்திலும் 980 பக்கத்திலும் உச்சி வரும், இரண்டும் உங்கள் எல்லைக்குள்தான். போத்தல் சீட்டில் ஒற்றைச்சுவர் என்றுதான் இருக்கிறதா என்றும் பாருங்க, பல்சுவர் என்றால் இப்படிச் சரிவுதான் வரும்.

ஹட்டன் மாணவி:
சீட்டில் ஒற்றைச்சுவர், (6,5) என்றே இருக்கிறது. சுற்றி மேல்பாதியை அளந்தேன், 570 பக்கத்தில் தெளிவான ஓர் உச்சி வந்துவிட்டது! 980இல் சிறியதாகத்தான் இருக்கிறது, அது ஏன்?

பதுளை பௌதிகம்:
கரைசலின் பிஎச் பாருங்க. அமிலப் பக்கம் இருந்தால் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து இலத்திரனைப் பறித்து முதல் தாவலை மங்கவைக்கும். துளி சோடியம் ஐதரொட்சைட்டு விட்டு 10 அளவுக்கு ஏற்றி மறுபடி அளந்து பாருங்க.