நாளைக்குப் பிள்ளையளோட ஏரிக்கரையில நடக்கப் போகவேணும், எங்க போறது?

புதுவரவு
அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். நாங்கள் கனடாவில ரொறன்ரோ ஸ்காபரோவுக்கு வந்து ஆறு கிழமை. பேஸ்மென்ட்ல இருக்கிறம். பிள்ளையள் ரெண்டும் நாள் முழுக்க உள்ளுக்கையே ஓடித் திரியுதுகள். மேல இருக்கிற வீட்டுக்காரர் இண்டைக்கு மூண்டாந்தரமும் இறங்கி வந்து சத்தம் கூட எண்டு சொல்லிப்போட்டுப் போறார். மனுசி பின்னேரத்தில இருந்து அழுதுகொண்டிருக்கிறா. நாளைக்கு ஞாயிறு, எனக்கு வேலை இல்லை. ஏரிக்கரைப் பக்கமா எல்லாரையும் கூட்டிக்கொண்டுபோய் நல்லா நடக்க விடவேணும். ரூஜ் பார்க் எண்டு வேலையில ஒராள் சொன்னவர். குடும்பமாப் போகலாமோ? காசு எவ்வளவு? கெதியாச் சொல்லுங்கோ.

மல்லாகத்தான்
தம்பி, நான் வந்தது 91 மாசி. ஒரு மெல்லிய ஸ்வெட்டரோட வந்து இறங்கினனான். ஏழு பேர் ஒரு அறையில. விடிய நாலு மணிக்கு பஸ் ஸ்டொப்பில நிண்டு கால்விரல் மரத்துப் போய், வேலைக்குப் போய் சப்பாத்தைக் கழட்டினால் விரல் எது, சொக்ஸ் எது எண்டு தெரியாது. இப்பவே பிள்ளையளுக்கு வின்ரர் பூட்ஸ் ஒரு சைஸ் பெரிசா வாங்கி வையுங்கோ. கோடையில மலிவு.

நடைக்காரி
ரூஜுக்குக் கட்டாயம் போங்கோ. நுழைவுக் கட்டணம் ஒரு சதமும் இல்லை. 2015ல சட்டம் போட்டு கனடாவின்ர முதலாவது தேசிய நகரப் பூங்கா ஆக்கினவை, 79 சதுர கிலோமீற்றர். மாஸ்ட் ட்ரெயில் போங்கோ, ஒரு வழி 2.5 கிலோமீற்றர். 200 வருசத்துக்கு முந்திக் கப்பல் பாய்மரத்துக்கு மரம் வெட்டி இழுத்த பாதை அது. நான் வந்த முதல் வருசம் பைத்தியம் பிடிக்காமல் இருந்தது அந்தப் பாதையாலதான்.

மதுரைக்காரன்
அக்கா சொல்றது நல்ல பாதைதான், ஆனா ஏத்தம், படிக்கட்டு எல்லாம் இருக்கு. சின்னக் குழந்தைன்னா தூக்கித் தூக்கியே இடுப்பு போயிரும். எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு. ப்ளஃபர்ஸ் பார்க் போங்க, அதுவும் ஏரிக்கரைதான். நல்ல மணல், குழந்தைங்க விளையாடிக்கிட்டே இருக்கும்.

நடைக்காரி
ஞாயிற்றுக்கிழமை ப்ளஃபர்ஸோ? பத்து மணிக்குப் பிறகு போனால் பார்க்கிங் நிரம்பி வாகன வரிசை பிரிம்லி ரோட்டில மேல வரைக்கும் நிக்கும். அதோட அங்க கரைக்கு மேல நிக்கிற களிமண் பாறை சில இடத்தில 90 மீற்றர் வரைக்கும் உயரம், விளிம்பு தானாகவே இடிஞ்சு விழும். ஓடித் திரியிற பிள்ளையளை வேலிக்குக் கிட்டவும் விடேலாது.

வன்னிப்பொடி
ரூஜில உண்ணி இருக்கு, கவனம். என்ர மகளின்ர முழங்காலுக்குப் பின்னால எள்ளு மாதிரி ஒண்டு. மச்சம் எண்டு நினைச்சுப் போட்டு, குளிக்க வார்க்கேக்க தடவினால் அதின்ர காலெல்லாம் அசையுது. ஊரில நாய்க்குச் செய்யிற மாதிரி மண்ணெண்ணெய் தடவினால் விழுந்திடும் எண்டு அம்மா சொன்னவ.

தாதி
மண்ணெண்ணெய், வாசிலின், நெருப்புக்குச்சி ஒண்டும் வேண்டாம். அப்பிடிச் செய்தால் உண்ணி குழம்பி, கிருமியைக் கடிவாய்க்குள்ள விடக்கூடும். கூர் நுனிச் சாவணத்தால தோலோட ஒட்டிப் பிடிச்சு, திருகாமல் நேர மேல மெதுவா இழுங்கோ. பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கோ. ஒரு நாளுக்கு மேல ஒட்டியிருந்தது எண்டு நினைச்சால், எடுத்து 72 மணித்தியாலத்துக்குள்ள பார்மசிக்குப் போங்கோ. 2023ல இருந்து ஒன்டாரியோவில மருந்தாளரே பார்த்து, உண்ணி கடிச்சு வாற லைம் நோய்க்குத் தடுப்பு மருந்து தரலாம். 811க்கு அடிச்சால் ராவிலயும் நேர்ஸோட கதைக்கலாம். காசில்லை, தமிழுக்கு மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம்.

மல்லாகத்தான்
அந்தக் காலத்தில இதொண்டும் இல்லை. காய்ச்சலோட வேலைக்குப் போனம்.

ஸ்கார்பரோ அக்கா
எனக்கு அந்த வீட்டுக்காரரில்தான் கோவம் வருது. வாடகை எடுக்கேக்க பிள்ளையள் இருக்குதுகள் எண்டு தெரியாதோ? ரெண்டு வருசம் நானும் பிள்ளையளைக் கால்நுனியில நடக்கப் பழக்கினனான். இண்டைக்கும் என்ர மகன் மாடிப்படியில சத்தமில்லாமல்தான் இறங்குவான். அதைப் பார்க்க நெஞ்சு வலிக்கும்.

மதுரைக்காரன்
வாடகை மட்டும் என்ன குறைஞ்சா இருக்கு? ஜன்னல் இல்லாத ரூமுக்கு நாங்க கொடுத்த காசுல ஊர்ல ஒரு வீட்டையே வாடகைக்கு எடுத்திருக்கலாம்.

வன்னிப்பொடி
கார் இன்சூரன்ஸைச் சொல்லுங்கோ…

பதினாறாம் வருசம்
எல்லாரும் கொஞ்சம் பொறுங்கோ, அந்தப் பிள்ளை நாளைக்குப் போகவேணும். தம்பி, நீங்கள் முக்கியமானதைச் சொல்லேல்லை. வீடு எந்தச் சந்திக்குக் கிட்ட? கார் இருக்கோ? பிள்ளையளுக்கு எத்தனை வயசு? வேற ஆர் வருகினம்?

புதுவரவு
மன்னிக்கவும் அண்ணை, பதட்டத்தில விட்டிட்டன். மார்க்கம் ரோட்டும் லோரன்ஸும் சந்திக்கிற இடம். கார் இல்லை. மூத்தவனுக்கு 6, சின்னவளுக்கு 2, ஸ்ட்ரோலர் இருக்கு. மாமியும் வாறா, முழங்கால் வருத்தம்.

பதினாறாம் வருசம்
அப்ப மாஸ்ட் ட்ரெயில் இப்ப வேண்டாம், அது மூத்தவன் எட்டு வயசில ஏறட்டும். உங்களுக்கு ரூஜின்ர தெற்கு முனைதான் சரி, ஆறு ஏரியில விழுற இடம், ரூஜ் பீச்.

லோரன்ஸ் ஈஸ்ட் 54ஏ பஸ் எடுங்கோ. முகப்பில ஸ்டார்ஸ்ப்ரே எண்டு போட்டிருக்கவேணும், சில 54 பஸ் ஓர்டன் பார்க்கோட திரும்பிடும், சாரதியிட்ட கேட்டுட்டு ஏறுங்கோ. 12 வயசு வரைக்கும் பிள்ளையளுக்கு இலவசம். பெரியாக்கள் பிரெஸ்டோ பயண அட்டையைத் தட்டினால் ரெண்டு மணித்தியாலத்துக்கு அதே காசுதான். கடைசித் தரிப்பில இறங்கிக் கிழக்க கொஞ்சத் தூரம் நடந்தால் ஒரு பக்கம் சதுப்பு, மற்றப் பக்கம் ரயில் பாலம். பாலத்துக்குக் கீழால போனால் ஏரி கண்ணுக்கு முன்னால திறக்கும். பச்சை ரயில் தலைக்கு மேலால போகேக்க மூத்தவனைக் கை காட்டச் சொல்லுங்கோ.

அங்கயிருந்து மேற்க போர்ட் யூனியன் பக்கம் தண்ணிக்கரையோட தார்ப்பாதை. மேடு பள்ளம் குறைவு, ஸ்ட்ரோலர் உருளும். மாமி பெஞ்ச் கண்ட இடத்தில இருந்து இளைப்பாறலாம். நாலு கிலோமீற்றரும் நடக்கவேணும் எண்டில்லை. ரூஜ் ஹில் கோ ரயில் ஸ்டேஷன் அந்தப் பாதையோடயே வரும், களைச்சால் அதில ஏறலாம்.

சதுப்பில தோளில சிவப்புப் பட்டி போட்ட கறுப்புக் குருவியள் நாணலில நிண்டு கத்தும். கூடு இருக்கிற காலம், கிட்டப் போனால் தலையில கொத்த வரும், தொப்பி போடுங்கோ. தண்ணி இப்பவும் ஐஸ், கணுக்காலோட நிப்பாட்டுங்கோ. ஆறு விழுற வாயில இறக்கவே வேண்டாம். புல்லுக்குள்ள போகாமல் பாதையில நடந்தால் உண்ணிப் பயம் குறையும். வெளிர் நிறத்தில நீளக் காற்சட்டை, அதைச் சொக்ஸுக்குள்ள விடுங்கோ. வீட்டை வந்து முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால பாருங்கோ. உடுப்பைத் தோய்க்க முதல் ட்ரையரில பத்து நிமிசம் சூடாப் போடுங்கோ.

ஸ்கார்பரோ அக்கா
புளிச்சாதம் கட்டிக்கொண்டு போங்கோ, அங்க கடை இல்லை. கனடா வாத்துக்குப் போடாதேங்கோ, பிறகு விடாது. மனுசியிட்ட சொல்லுங்கோ, நானும் முதல் கோடை இப்படித்தான் அழுதனான்.

புதுவரவு
அக்கா, அவவுக்கு வாசிச்சுக் காட்டினன். இப்ப அரிசி கழுவுறா. மாமி கேட்கிறா, செருப்போட வரலாமோ எண்டு.

பதினாறாம் வருசம்
பாதைக்குச் செருப்பு காணும், ஆனால் கரையெல்லாம் உருண்டைக் கல்லு, அதில சறுக்கும். சொக்ஸோட பூட்டின சப்பாத்து போடச் சொல்லுங்கோ. ஒன்பது மணி பஸ்ஸைப் பிடியுங்கோ, வெயிலுக்கு முன்னம் போய்ச் சேரலாம்.