பனி ஹொக்கியின் என்ஃபோர்சர்களை நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

ஸ்காபரோக் கிழவன்:

1999 பெப்ரவரி 13 இரவு. ரொறன்ரோ மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் லீஃப்ஸ் அணியின் கடைசி ஆட்டம். டிக்கெட் வாங்க எனக்கு ஏது வசதி? துப்புரவு வேலைக்காரனாக உள்ளே இருந்தேன். கையில் தும்புத்தடியோடு படிக்கட்டு ஓரம் நின்று எட்டி எட்டிப் பார்த்தேன். சிக்காகோவிடம் 6–2 என்று தோற்றோம். அந்தக் கடைசி கோலைப் போட்டவர் பொப் புரோபேர்ட். 1931இல் திறந்த கட்டடம், எத்தனையோ மகாராசர்கள் விளையாடிய தளம். அதில் விழுந்த கடைசி கோல், கைமுட்டியால் பெயர் எடுத்த ஒருவருடையது! பக்கத்தில் நின்ற பொப்கோர்ன் விற்கும் பெரியவர் "இவனா?" என்று மட்டும் கேட்டார்.

ஹொக்கி தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் அணியின் கெட்டிக்காரனை எவனாவது முரட்டுத்தனமாக இடித்தால், அந்தக் கணக்கைத் தீர்க்க இறக்கிவிடப்படுபவரே என்ஃபோர்சர். இருவரும் கையுறையை உதறிவிட்டு அடித்துக்கொள்வார்கள். விழுந்ததும் நடுவர்கள் பிரிப்பார்கள். ஆளுக்கு 5 நிமிடம் தண்டனைப் பெட்டி. பிறகு ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஆட்டம். புரோபேர்ட் டெட்ரோயிட்டில் இருந்தபோது 1987–88 பருவத்தில் மட்டும் தண்டனையாக 398 நிமிடங்கள் சேர்த்தார். அதே பருவத்தில் 29 கோல் போட்டு நட்சத்திர ஆட்டத்துக்கும் போனார். 2010 ஜூலையில் படகில் போனபோது நெஞ்சடைத்து இறந்தார், வயது 45. தலையில் திரும்பத் திரும்ப அடி வாங்குவோருக்கு வரும் சிதைவு நோய் அவருடைய மூளையில் இருந்ததாகப் பொஸ்ரன் பல்கலைக்கழகத்தார் பின்னர் சொன்னார்கள்.

நான் கண்டது தும்புத்தடித் தூரத்திலிருந்துதான். கிட்ட இருந்து கண்டவர்கள் இருப்பீர்கள். எழுதுங்கள்.

எட்மன்ரன் குளிர்:

கிழவர் ஐயா, "கைமுட்டியால் பெயர் எடுத்தவர்" என்று நீங்கள் எழுதியதில் ஒரு சின்ன இளக்காரம் தெரிகிறது. எங்கள் ஊரில் அப்படிப் பேசினால் தேநீர்கூடத் தரமாட்டார்கள். நான் இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது, உடன் வேலை செய்த வெள்ளைக்காரக் கிழடுகள் எங்கள் அணியின் பெரும் நட்சத்திரம் வேன் கிரெட்ஸ்கியைப் பற்றிப் பேசியதைவிட டேவ் செமென்கோவைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். கிரெட்ஸ்கி மெலிந்த உடம்புக்காரர். அவர் மேல் கை வைத்தால் அடுத்த நிமிடம் செமென்கோ வந்து நிற்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் கை வைக்கவில்லை. 1983இல் இந்த ஊரில் முகமது அலியோடு காட்சிப் போட்டியில் குத்துச்சண்டை போட்ட மனிதர் அவர். 1988இல் கிரெட்ஸ்கியை லொஸ் ஏஞ்சலிசுக்கு விற்றபோது, பின்னாளில் வந்த காவல்காரர் மார்ட்டி மக்சோர்லியையும் கூடவே அனுப்பச் செய்தார் கிரெட்ஸ்கி. வெண்ணெய் போகிற இடத்துக்கு உறியும் போக வேண்டாமா?

மொன்றியல்காரி:

2013 ஒக்டோபர் 1. பருவத்தின் முதல் ஆட்டம், எதிரில் ரொறன்ரோ. மகனுக்கு ஒன்பது வயது. முதன்முதலாக அரங்குக்குக் கூட்டிப்போனேன். எங்கள் ஜோர்ஜ் பாரோசும் ரொறன்ரோவின் கோல்டன் ஓரும் அன்று ஏற்கெனவே ஒரு தடவை மோதியிருந்தார்கள். இரண்டாம் தடவை மோதியபோது நானும் எழுந்து நின்று கத்தினேன், மறைக்க மாட்டேன். பாரோஸ் கால் தடுமாறி முகங்குப்புற விழுந்தார். தாடை பனியில் மோதிய விதத்தைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. 21,000 பேர் இருந்த இடம் சட்டென்று அடங்கிவிட்டது. அதுவரை அடித்துக்கொண்டிருந்த ஓர்தான் முதலில் கையை உயர்த்தி மருத்துவர்களைக் கூப்பிட்டார். ஸ்ட்ரெச்சர் வந்தது. மகன் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, அவர் நித்திரையா?" என்று கேட்டான்.

பாரோஸ் பிரின்ஸ்டனில் பொருளாதாரம் படித்தவர். 2017 முதல், தவறாக விளையாடுபவர்களைத் தண்டிக்கும், தேசிய ஹொக்கி லீக்கின் (NHL) பாதுகாப்புப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். இதை விதி என்பதா வேடிக்கை என்பதா, தெரியவில்லை.

வான்கூவர் மழை:

ஒரே ஒரு விடயம். இந்த லீக்கில் விளையாடிய முதல் இந்திய வம்சாவளிக்காரர் ரொபின் பாவா. எங்கள் பக்கத்துத் தீவிலுள்ள டங்கன் என்ற சிற்றூரைச் சேர்ந்த பஞ்சாபி. இளையோர் லீக்கில் கோல் மழை பொழிந்தவர். 1989இல் வாஷிங்டன் அணியில் காலடி வைக்கும்போது அவரிடம் எதிர்பார்த்ததோ இடியும் அடியும். கோல் போடத் தெரிந்தவனைக் குத்துவதற்கு வைத்துக்கொண்டார்கள் என்று என் பஞ்சாபி நண்பனின் தகப்பனார் இன்றும் பொருமுவார்.

ஸ்கேட் தீட்டுபவன்:

ஒன்ராறியோவின் ஒரு சிற்றூர்ப் பனித்தளத்தில் பதினாறு ஆண்டுகளாக ஸ்கேட் பிளேடு தீட்டுகிறேன். என்னிடம் வந்துபோன ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். பெரிய லீக்கை எட்டியவர் அல்லர். பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் விளையாடும் சிறிய லீக்குகளில் ஒன்பது வருடம் அடித்தும் அடி வாங்கியும் பிழைத்தவர்.

சனிக்கிழமைகளில் ஆறு வயது மகளைப் பயிற்சிக்குக் கொண்டுவருவார். ஒருநாள் நான் பிளேடைத் தீட்டி, விளிம்பை நகத்தில் உரசிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். பிறகு மெதுவாக, "நாடாவை நீங்களே கட்டிவிட முடியுமா?" என்று கேட்டார். அப்போதுதான் கையைக் கவனித்தேன். வலது கையில் நடுவிரல் முட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். சுண்டுவிரல் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. முட்டி மடக்கச் சொன்னால் பாதிக்கு மேல் மூடாது. குழந்தை ஸ்கேட்டின் நாடாவை இறுக்கி இழுக்க அந்தக் கையால் முடியாது. அன்று முதல் சனிக்கிழமை தோறும் நான்தான் கட்டினேன்.

சண்டைகளைப் பற்றிக் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். அவர் சொன்னதெல்லாம் சண்டைக்கு முந்திய மத்தியானங்களைப் பற்றித்தான். ஆட்டநாளில் மற்றவர்கள் சாப்பிட்டுக் குட்டித்தூக்கம் போடுவார்கள். இவர் விடுதிக் கட்டிலில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். எதிரணியில் யார் இறங்குகிறான், அவன் இடக்கைக்காரனா, போன தடவை எதால் அடித்தான், இதே யோசனை. அடி வாங்குவது பயமில்லையாம். தோற்றால் அடுத்த வாரம் வேறொருவனைக் கொண்டுவந்துவிடுவார்கள், அதுதான் பயம்.

ஒருமுறை தன் பழைய சட்டையைக் கொண்டுவந்து, முதுகின் உட்புறம் தைத்திருந்த பட்டியைக் காட்டினார். அதைக் காற்சட்டையோடு மாட்டிவிட்டால் எதிரி சட்டையைத் தலைக்கு மேல் இழுத்துக் கண்ணை மறைக்க முடியாது. பஃபலோவின் ரொப் ரே இதற்கு நேர்மாறாகச் செய்தவர். சட்டையைக் கழற்றி எறிந்துவிடுவார். எதிரிக்குப் பிடிக்க எதுவும் கிடைக்காது. அவரால்தான் பட்டியைக் கட்டாமல் சண்டை போட்டால் வெளியேற்றம் என்ற விதியே வந்தது. இதைச் சொல்லும்போது மட்டும் இவர் முகத்தில் ஒரு பள்ளிக்கூடப் பையனின் குறும்பு தெரிந்தது.

2011 கோடை உங்களுக்கு நினைவிருக்கும். பெரிய லீக்கின் மூன்று என்ஃபோர்சர்கள் போனார்கள். மே மாதம் டெரிக் பூகார்ட் இறந்தார், 28 வயது. மதுவும் வலி மாத்திரையும் சேர்ந்த சாவு. ஆறடி ஏழு அங்குல உயரம், 277 ஆட்டங்களில் 3 கோல். ஒகஸ்ட்டில் ரிக் ரிப்பியன், 27. மாதம் முடியுமுன் வேட் பீலக், 35. அந்தக் கடைசிச் செய்தி என் கடை வானொலியில் ஓடியபோது இவர் வாங்கில் உட்கார்ந்திருந்தார். "சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கிறீர்களா?" என்றார். குறைத்தேன். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த நான்கு சனிக்கிழமைகள் மகளைத் தாய்தான் கொண்டுவந்தார்.

பிக்கரிங் பையன்:

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், எனக்கு இது இன்னமும் பிடிக்கும். 2024 மார்ச் 2, ரொறன்ரோ அரங்கின் மேல்வரிசையில் இருந்தேன். நியூயோர்க் ரேஞ்சர்சின் மட் ரெம்பி, வயது 21, லீக்குக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஊரெல்லாம் அவன் பேச்சு. எங்கள் ரயன் ரீவ்சுக்கு 37. இருவரும் மோதுவார்கள் என்று தெரிந்தே எல்லோரும் கைபேசியைத் தூக்கி வைத்திருந்தோம். மோதினார்கள். வயதானவரின் கைதான் ஓங்கியது. அரங்கமே அதிர்ந்தது. கூட வந்த தங்கை மட்டும் கடைசிவரை உட்கார்ந்தே இருந்தாள். ரயிலில் திரும்பும்போதும் என்னோடு பேசவில்லை. மேலே மொன்றியல் அக்கா எழுதியதைப் படித்த பிறகு அந்தக் காணொளியை மறுபடி போட்டுப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். ஆனாலும் பிடிக்கும் என்றுதான் சொல்வேன், பொய் எதற்கு?

ஸ்காபரோக் கிழவன்:

தம்பி, நானும் தும்புத்தடியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டியவன்தான். ஸ்கேட் அண்ணா, அந்த மனிதர் இப்போதும் வருகிறாரா?

ஸ்கேட் தீட்டுபவன்:

மகள் வளர்ந்து வேறு ஊருக்குப் படிக்கப் போய்விட்டாள். நெடுநாள் காணவில்லை. போன மாதம் திடீரென்று தனியாக வந்தார். கையில் தன் பழைய ஸ்கேட்டுகள். பிளேடெல்லாம் துரு. "அவசரமில்லை" என்று வைத்துவிட்டுப் போனார். துருவை எடுத்து, தீட்டி, புது நாடாவும் போட்டு வைத்துவிட்டேன். இன்னும் எடுக்க வரவில்லை. மேல்தட்டில் இருக்கின்றன.