முதல் மாரத்தான் பயிற்சி: ரெண்டு சந்தேகம்

வணக்கம் நண்பர்களே. முழு மாரத்தான், அதாவது 42.195 கி.மீ., ஓடணும்னு ரொம்ப நாள் ஆசை. பயிற்சி ஆரம்பிச்சாச்சு. பேசிக்கிட்டே ஓடுற வேகத்துல 5 கி.மீ. நிக்காம போக முடியுது. அதைத் தாண்டினா முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்போட உள்பக்கம் வலிக்குது. நின்னதும் குறைஞ்சிடுது, விரலால அழுத்தினா மட்டும் தெரியுது. தூரத்தைக் குறைக்கணுமா, ஷூவை மாத்தணுமா, இல்ல டாக்டர்கிட்ட காட்டிடணுமா?

இன்னொண்ணு. நிறைய பயிற்சி அட்டவணைகள்ல நீண்ட ஓட்டம் 32 கி.மீ.யோட நின்னுடுது. மீதி 10 கி.மீ. நேரா பந்தய நாள்லதானா? அந்தத் தூரத்துலதான் உடம்புல சேமிச்ச கிளைகோஜன் (தசையிலயும் கல்லீரல்லயும் இருக்கிற சர்க்கரைச் சேமிப்பு) தீர்ந்து கால் நகராதுன்னு சொல்றாங்க. ஓடி முடிச்சவங்க எனர்ஜி ஜெல் (ஓடும்போதே சாப்பிடுற சர்க்கரைக் கூழ்) எப்போ, எவ்வளவு இடைவெளியில எடுத்தீங்க? வயிறு ஒத்துக்கிச்சா? எனக்கு நேரம் முக்கியமில்லை, காயமில்லாம முடிக்கணும். அனுபவத்தைச் சொல்லுங்க, பெரிய உதவியா இருக்கும்.