ஏற்காடு: மாற்றுத்திறனாளி உதவித்தொகையில் சந்தேகம். புகார் கொடுக்கலாமா, வேண்டாமா?

மலையடி_வாசகன் (கேள்வி)

வணக்கமுங்க. ஏற்காடு தாலுகாவில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வாங்குகிறார். கால் ஊனம், 75 சதவீதத்துக்கு மேல் என்று சான்று இருக்கிறதாம். ஆனால் எஸ்டேட்டில் மிளகு மூட்டை தூக்குகிறார், ஸ்கூட்டர் ஓட்டி மலை இறங்கி வருகிறார். சேலத்தில் ஒரு புரோக்கர் பணம் வாங்கிக்கொண்டு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்துக் கொடுக்கிறார் என்றும் பேச்சு இருக்கிறது. அதே ஊரில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒரு பையனுக்கு இன்னும் தொகை வரவில்லை. அதைப் பார்த்துத்தான் மனசு கேட்கவில்லை.

புகார் கொடுப்பது சரியா? யாரிடம் கொடுப்பது? பெயர் வெளியே தெரியுமா? சந்தேகம் தப்பாகிவிட்டால் என் மேல் வழக்கு வருமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அஸ்தம்பட்டி_பழையவர்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஊனச் சதவீதம் என்பது "இவரால் வேலை செய்ய முடியாது" என்று சொல்லும் அளவு அல்ல. ஒரு உறுப்பு எவ்வளவு இழப்பைச் சந்தித்திருக்கிறது என்று மருத்துவர் கணக்கிட்டுப் போடும் எண், அவ்வளவுதான். இளம்பிள்ளைவாதத்தில் கால் சூம்பிப்போனவருக்குத் தோளும் கையும் நம்மைவிட உரமாக இருக்கும். சின்ன வயதிலிருந்து உடம்பு முழுவதையும் கையாலேயே தாங்கிப் பழகியவர் அவர். மூட்டையைத் தோளில் ஏற்றிவிட்டால் காலிபர் (காலைத் தாங்கும் கருவி) போட்ட காலோடு நாலு எட்டு வைப்பது நடக்கக்கூடிய காரியம்தான். ஸ்கூட்டர் விஷயமும் அப்படியே. பின்னால் இரண்டு இணைப்புச் சக்கரம் இருந்தால் அது அரசே கொடுக்கும் வகை வண்டி. வண்டி ஓட்டுவது ஊனம் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

கண்ணுக்குத் தெரியாத ஊனங்கள் இதைவிடச் சிக்கல். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை இருக்கிறது. தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் நோய், மனநோய், பார்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் எல்லாம் அதில் அடக்கம். பார்கின்சன் உள்ளவர் மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் கடைக்கு நடந்து போவார், அதன் வீரியம் இறங்கியதும் நாற்காலியை விட்டு எழ முடியாது. தொழுநோய் குணமானவரின் கை முழுசாகத் தெரியும், சூடு பட்டாலும் உணர்ச்சி இருக்காது. தசைச்சிதைவு உள்ளவருக்கும் தொழுநோய் பாதித்தவருக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் 40 சதவீதம் இருந்தாலே பராமரிப்புத் தொகைக்குத் தகுதி. கை கால் ஊனத்துக்குத்தான் 75 கேட்கிறார்கள். "சதவீதம் 75 இருக்கிறதாம்" என்பது ஊர்ப் பேச்சா, அட்டையில் பார்த்ததா? அட்டையில் ஊனத்தின் வகை வேறாக இருந்தால் உங்கள் சந்தேகத்துக்கு அடிப்படையே இல்லாமல் போய்விடும்.

இன்னொன்றும் பாருங்கள். எந்தத் தொகை வாங்குகிறார் என்பதில் ஊரில் குழப்பம் அதிகம். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். வருவாய்த்துறையில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,500. பின்னதற்கு வருமானம், சொத்து, வேலை என்று பொருளாதார நிபந்தனைகள் உண்டு. ஆகவே வேலைக்குப் போவது அதில் பொருட்படும். பராமரிப்புத் தொகையில் ஊனத்தின் வகையும் கடுமையும்தான் முக்கியம். இரண்டையும் ஒரே ஆள் வாங்கக் கூடாது. அப்படி வாங்கினால் மருத்துவரே தேவையில்லை, இரண்டு அலுவலகத்துப் பட்டியலையும் ஆதார் எண்ணை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

கன்னங்குறிச்சி_செல்வி

அண்ணா சொன்னது சரி. கொடுப்பதா வேண்டாமா என்பதற்கு என் பதில்: ஆளைப் பற்றிப் புகார் கொடுக்காதீர்கள், ஆவணத்தைச் சரிபார்க்கச் சொல்லி மனு கொடுங்கள். இரண்டுக்கும் சட்டத்தில் ரொம்ப தூரம் இருக்குங்க.

"இவர் போலி, மோசடிக்காரர்" என்று எழுதினால் நீங்கள் ஒரு முடிவைச் சொல்கிறீர்கள். பொய் என்று தெரிந்தே ஒருவரை மாட்டிவிட அரசு ஊழியருக்குத் தகவல் கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 217-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் "தெரிந்தே" என்பதுதான் உயிர்நாடி. பார்த்ததை மட்டும் எழுதி, சரிபார்க்கக் கேட்டால் இந்தப் பிரிவு உங்கள் பக்கம் வராது. அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு சொல்லும் குற்றச்சாட்டு அவதூறும் ஆகாது, அதே சட்டத்தின் அவதூறுப் பிரிவான 356-லேயே விலக்கு இருக்கிறது. ஆனால் அதே விஷயத்தை வீடியோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் அந்த விலக்கு கிடைக்காது. மேலும், நாலு பேர் பார்க்கும் இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவமதித்தால் 2016 சட்டம் 92-ஆம் பிரிவில் 6 மாதத்துக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறை. டீக்கடையில் வைத்து "நொண்டி வேஷம் போடுகிறான்" என்று பேசுவதும் இதில் வரலாம். தயவுசெய்து அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மனு இப்படி இருக்கட்டும்:

"மேற்கண்ட நபர் பராமரிப்பு உதவித்தொகை பெறுவதாகத் தெரிகிறது. இன்ன மாதத்தில் இன்ன இடத்தில் அவர் இன்ன வேலை செய்வதை நேரில் பார்த்தேன். அவருடைய மருத்துவ நிலை எனக்குத் தெரியாது. அவரது தேசிய அடையாள அட்டை, தனித்துவ அடையாள அட்டை எண், சான்று வழங்கிய மருத்துவமனைப் பதிவேடு ஆகியவற்றை ஒப்பிட்டுச் சரிபார்க்கவும், தேவைப்பட்டால் மறுபரிசோதனைக்கு அனுப்பவும் கேட்டுக்கொள்கிறேன். முடிவு வரும் வரை அவருக்கு வரும் தொகையை நிறுத்த வேண்டாம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். விசாரணை என்றதும் சில இடங்களில் தொகையைத்தான் முதலில் நிறுத்துவார்கள். அவர் உண்மையான ஊனமுள்ளவராக இருந்தால், மலையிலிருந்து துணைக்கு ஒரு ஆளோடு சேலம் ஜி.எச்.சுக்கு இறங்கி வந்து வரிசையில் நின்று மறுபடி நிரூபிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் கூலி போகும், அந்த மாதம் தொகையும் வராது.

கொடுக்கும் இடம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் நாளில் கொடுத்தால் கணினியில் ஏற்றி எண் போட்டுத் தருவார்கள். அந்த எண் இல்லாமல் திரும்பாதீர்கள், பின்னால் நிலவரம் கேட்க அதுதான் பிடி. இறங்கி வர முடியாவிட்டால் 1100-க்குப் போன் செய்து பதியலாம். ஆனால் போனில் சொல்வதை அங்கே சுருக்கி எழுதிக்கொள்வார்கள், நீங்கள் கவனமாகப் போட்ட வார்த்தைகள் கழன்றுவிடும். எழுத்து மனுவே மேல்.

பெயர் விஷயம்: ரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்கலாம், உத்தரவாதம் கிடையாது. மனுவின் நகல் வட்டாட்சியர், ஆர்.ஐ., வி.ஏ.ஓ. என்று இறங்கி ஊருக்கே வந்துவிடும். கசிவது பெரும்பாலும் அங்கேதான். உங்கள் பெயர், முகவரி, போன் எண்ணைத் தனித் தாளில் எழுதி, மனுவைப் பெயரில்லாத இன்னொரு தாளில் வைத்து, "மனுதாரர் விவரம் தனித்தாளில், விசாரணைக்கு அனுப்பும்போது சேர்க்க வேண்டாம்" என்று மேலே குறிப்பு போடுங்கள். மொட்டைக் கடிதம் வேண்டாம், பெரும்பாலும் அப்படியே கட்டி வைத்துவிடுவார்கள்.

ஓமலூரான்

2,000 ரூபாய்க்கு இவ்வளவு பாடா? அவரும் ஏழைதான். இதை விட்டுவிடுங்கள் என்பேன். பெரிய திருட்டு வேலைவாய்ப்பில் நடக்கிறது. அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம். அதைப் பிரித்தால் பார்வைக்கு 1, செவிக்கு 1, கை கால் வகைகளுக்கு 1, அறிவுசார் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாம் சேர்த்து 1. நூறு பணியிடத்தில் செவித்திறன் குறைந்தவருக்கு ஒன்றே ஒன்றுதான். ஒரு பொய்ச் சான்று நுழைந்தால் அந்த வருஷம் அந்த வகைக்கு எதுவுமே மிஞ்சாது. அதைப் பார்த்தால் கட்டாயம் புகார் கொடுங்கள்.

அஸ்தம்பட்டி_பழையவர்

ஓமலூர் நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. செவித்திறனில் ஏமாற்றுவது எப்படி என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஹெட்போன் மாட்டி ஒலி கேட்டால் பட்டனை அழுத்தும் சோதனை, ஆள் ஒத்துழைத்தால்தான் சரியாக வரும். கேட்டும் அழுத்தாமல் இருந்தால் எண் ஏறிவிடும். அதற்குத்தான் பெரா சோதனை. தலையில் மின்முனை ஒட்டி, காதில் ஒலி கொடுத்து, நரம்பு காட்டும் அலையை இயந்திரமே பதியும். இவர் வாயைத் திறக்கவே வேண்டாம். புகாரில் "பெரா உள்ளிட்ட சோதனையோடு மறுபரிசோதனை" என்று ஒரு வரி போட்டால் மனுவுக்குப் பலம் கூடும். ஒரு காது மட்டும் முழுக்கக் கேட்காதவருக்கு 40 சதவீதம் வராது, கணக்கில் நல்ல காதுக்கே அதிகப் பங்கு. ஒரு கண் மட்டும் பார்வை போய் மறு கண் நன்றாக இருந்தால் 30 சதவீதம். இந்த இரண்டு வகையில் 40-க்கு மேல் சான்று இருப்பது உறுதியாகத் தெரிந்தால் அது கேட்கத் தகுந்த கேள்வி. மூட்டை தூக்குவதைவிட இதுதான் உறுதியான அடையாளம்.

மோசடி நிரூபணமானால் 2016 சட்டம் 91-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முத்திரையும் கையெழுத்துமே போலி என்றால் போலி ஆவணப் பிரிவுகள் தனியாகச் சேரும்.

மலையடி_வாசகன்

ரொம்ப நன்றிங்க. இன்று விசாரித்ததில் கதை வேறாக இருக்கிறது. அவருடைய ஏ.டி.எம். அட்டையும் பாஸ்புக்கும் அந்தப் புரோக்கர் கையிலேயே இருக்கின்றனவாம். மாதம் 800 ரூபாய்தான் இவர் கைக்கு வருகிறது, மீதி "அட்டை எடுத்துக் கொடுத்த செலவு" என்று பிடிக்கிறார்களாம். இதற்கு என்ன செய்வது?

கன்னங்குறிச்சி_செல்வி

அப்படியானால் உங்கள் மனுவே மாறிவிடுகிறது. இவர் குற்றவாளி இல்லை, ஏமாற்றப்படுகிறவர். சரிபார்ப்பு மனுவை ஒதுக்கி வையுங்கள்.

மாற்றுத்திறனாளி சுரண்டப்படுகிறார் என்று நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தகவல் கொடுக்கலாம் என்று 2016 சட்டம் 7-ஆம் பிரிவு சொல்கிறது. உங்களுக்கு அது வட்டாட்சியர் அல்லது கோட்டாட்சியர். தகவல் வந்தால் அதைத் தடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டியது அவர் கடமை. மனுவின் தலைப்பிலேயே "பிரிவு 7-இன் கீழ் தகவல்" என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் சாதாரண மனுக் கட்டில் சேர்ந்துவிடும்.

அதற்கு முன்னால் வங்கி. தொகை வாங்குகிறவரே கிளைக்குப் போய் ஏ.டி.எம். அட்டையை முடக்கச் சொல்லி, புதுப் பாஸ்புக்கும் புது அட்டையும் கேட்க வேண்டும், போன் எண்ணையும் மாற்ற வேண்டும். போன் எண்ணை மறந்துவிடுவார்கள். பழைய எண் புரோக்கருடையதாக இருந்தால் ஓ.டி.பி. எல்லாம் அவருக்கே போகும். கைரேகை வைத்துப் பணம் எடுத்துக் கொடுக்கும் ஆளிடம் எடுப்பவராக இருந்தால், ஒவ்வொரு முறையும் ரசீது கேட்கச் சொல்லுங்கள். எடுத்தது 2,000, கையில் கொடுத்தது 800 என்றால் அந்தச் சீட்டே சாட்சி. மனு கொடுக்கும் முன் அவரிடம் பேசிச் சம்மதம் வாங்குங்கள். அவருக்குத் தெரியாமல் கொடுத்தால் பயந்துபோய் "நான்தான் அட்டையைக் கொடுத்தேன்" என்று விசாரணையில் சொல்லிவிடுவார்.

அஸ்தம்பட்டி_பழையவர்

புரோக்கரைப் பற்றி ஒரு சேர்க்கை. தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பமும் மருத்துவப் பரிசோதனையும் இலவசம். ஆகவே "செலவு" என்ற பேச்சுக்கே இடமில்லை. உள்ளே அரசு ஊழியர் யாருக்காவது பங்கு போகிறது என்று தெரிந்தால் அது லஞ்ச ஒழிப்புத் துறைக்கு. லஞ்சம் கொடுத்ததும் குற்றம்தான், ஆனால் கட்டாயப்படுத்தி வாங்கியிருந்தால் 7 நாளுக்குள் தகவல் கொடுத்தவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. பழைய பணத்துக்கு அந்தக் கெடு தாண்டியிருக்கும், எனவே அந்த மனுவை வக்கீலிடம் காட்டிவிட்டுக் கொடுப்பது நல்லது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசமாகவே வக்கீல் கிடைப்பார்.

தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த ஊர்க்காரருடைய மருத்துவக் கோப்பைக் கேட்காதீர்கள், தனிநபர் விவரம் என்று மறுத்துவிடுவார்கள். ஏற்காடு தாலுகாவில் பராமரிப்புத் தொகை பெறுவோர் எத்தனை பேர், காத்திருப்போர் எத்தனை பேர், கடைசிச் சரிபார்ப்பு எப்போது என்று மொத்தக் கணக்காகக் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் பீஸ் வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும்.

படுக்கையில் இருக்கும் அந்தப் பையனுக்கு மனு தனியாக, தனித் தாளில். அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால், நகர்த்த முடியாத நிலை என்று எழுதி, வீட்டுக்கே மருத்துவரை அனுப்பவோ ஏற்காட்டிலேயே முகாம் நடத்தவோ கேளுங்கள். அட்டை இருந்தால் அதன் நகல், ஆதார், பாஸ்புக் முதல் பக்கம், படம் இணைத்து நல அலுவலருக்குக் கொடுத்து, காத்திருப்போர் வரிசையில் எத்தனையாவது எண் என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டு விஷயத்தையும் ஒரே மனுவில் சேர்த்தால் ஒன்றுக்கு மட்டும் பதில் போட்டு மனுவை முடித்துவிடுவார்கள்.